ஸ்விஃப்ட் டிடிஐஎஸ்: ஒரு டீசல் எஞ்சினின் 13 ஆண்டுக் கணக்கு

2007 ஜனவரியில் மாருதி சுசுகி, ஸ்விஃப்ட் காரை டீசலில் இறக்கியது. பின்கதவில் டிடிஐஎஸ் என்று பெயர் ஒட்டியிருந்தாலும் பானட்டுக்குள் இருந்தது இத்தாலியின் ஃபியட் நிறுவனத்து 1.3 மல்டிஜெட். அதே எஞ்சின் டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் ஆனது. ஃபியட் புண்டோ, லீனியா, செவ்ரோலே செயில், மாருதியின் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், விட்டாரா பிரெஸ்ஸா என்று ஒன்றுக்கொன்று போட்டியான வண்டிகளிலெல்லாம் ஏறிக்கொண்டது. கார் பிரியர்கள் இதற்கு ‘தேசிய எஞ்சின்’ என்று பட்டம் சூட்டினார்கள். 2019 ஏப்ரலில், அடுத்த நிதியாண்டிலிருந்து டீசல் கார் விற்கப்போவதில்லை என்று மாருதி அறிவித்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி (பாரத் ஸ்டேஜ் வரிசையில் ஆறாவது) நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது இந்த எஞ்சின் இந்தியச் சந்தையில் இல்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின். பழுது என்று பெரிய கெட்ட பெயர் கிடையாது. பிறகு ஏன் போயிற்று? டீசல் காரின் கவர்ச்சி, அதன் புகை, அந்தப் புகைக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி மூன்றும் இந்த ஒரே எஞ்சினில் சந்திக்கின்றன. அதனால்தான் இதை எடுத்துப் பிரித்துப் பார்க்கிறோம்.

எஞ்சினுக்குள்

1,248 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு. சிலிண்டரின் உள்விட்டம் 69.6 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மி.மீ. விட்டத்தைவிட ஓட்டம் நீளம் என்பதால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். அடிப்பகுதி வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். 75 குதிரைத்திறன், 2,000 ஆர்.பி.எம்.மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை. பின்னாளில் வந்த, காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் இறக்கைகள் கோணம் மாறும் வகை 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. 2005-இல் ‘ஆண்டின் சிறந்த சர்வதேச எஞ்சின்’ விருதுகளில் 1 முதல் 1.4 லிட்டர் பிரிவு இதற்குக் கிடைத்தது.

அதற்கு முன் நம் ஊர் டீசல் கார் என்றால் 1998-இல் வந்த இண்டிகாவின் 1.4 லிட்டர் எஞ்சின், ஜென், எஸ்டீம் கார்களில் மாருதி வைத்த பியூஜோவின் 1.5 லிட்டர் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்துகொள்ளும். மல்டிஜெட் அந்தச் சத்தத்தைத்தான் முதலில் அடக்கியது. உயர் அழுத்த டீசலை ஒரு பொதுக் குழாயில் தேக்கி வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் கணக்குப்படி திறந்துவிடும் காமன் ரெயில் முறை, 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாகத்தான் முதன்முதலில் பயணிகள் காருக்கு வந்தது. அதுவும் ஃபியட் குடும்பத்து வண்டிதான். அடுத்த கட்டம் மல்டிஜெட். ஒரே பீய்ச்சலில் டீசலைக் கொட்டாமல், ஒரு சுழற்சிக்கு ஐந்து தடவை வரை துளித்துளியாகப் பிரித்துக் கொடுத்தது. முன்கூட்டியே போகும் சிறு துளி அறையைச் சூடாக்கி வைப்பதால் முக்கியத் துளி வெடிக்காமல் எரியும். ‘கடகட’ ஓசை குறைந்தது அதனால்தான்.

ஓட்டுநர் கையில் இது என்ன கொடுத்தது? 2010-இல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் கே-சீரிஸ் எஞ்சின் 85 குதிரைத்திறன் கொண்டது; ஆனால் டார்க் சுமார் 113 நியூட்டன் மீட்டர்தான். டீசலில் 190. ஐந்து பேரும் லக்கேஜும் ஏசியுமாக மலைப்பாதையில் ஏறும்போது கியரைக் குறைக்காமல் போக முடிவது இந்த வித்தியாசத்தால். குறையும் உண்டு. 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே டர்போ காற்றை நெருக்காது. நெரிசலில் இரண்டாம் கியரில் மெதுவாகப் போய் திடீரென்று மிதித்தால் வண்டி ஒரு மூச்சு நின்று பிறகுதான் பாயும். இந்த டர்போ தாமதத்தைப் பற்றி முணுமுணுக்காத ஸ்விஃப்ட் டீசல்காரர் குறைவு.

விலை எப்படிக் குறைந்தது

கவர்ச்சியில் பாதி எஞ்சினுடையது. மறுபாதி அரசின் வரிப் பட்டியலும் எண்ணெய் விலைப் பலகையும் தந்தது.

2006 மத்திய பட்ஜெட், சிறிய காருக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கியது. சிறிய கார் என்றால் நான்கு மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். அன்றைய ஸ்விஃப்ட் பெட்ரோல் 1,298 சிசி. சலுகை இல்லை. டீசல் 1,248 சிசி. சலுகை உண்டு. ஒரே உடல், ஒரே கதவு, ஒரே இருக்கை. அதிகப் புகை விடும் வண்டிக்குக் குறைந்த வரி! நான்கு மீட்டருக்குள் டிக்கியை நறுக்கிய செடான்கள் நம் சாலையில் பெருகியதும் இந்த வரி விதியால்தான். 2012-இல் டிசையரை 3,995 மி.மீ.க்கு வெட்டிச் சுருக்கினார்கள். ஐந்து மி.மீ. மிச்சம்.

இனி பங்க் விலை. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு விட்டது. டீசலை விடவில்லை, விவசாயி, லாரி, ரயில் என்று காரணம் இருந்தது. ஆனால் அந்த மானியம் காருக்கும் போயிற்று. 2012 மே மாத இறுதியில் டெல்லியில் பெட்ரோல் 73.18 ரூபாய், டீசல் 40.91. லிட்டருக்கு 32 ரூபாய் இடைவெளி.

2011 மாடல் ஸ்விஃப்ட்டின் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் பெட்ரோலுக்கு 18.6 கி.மீ., டீசலுக்கு 22.9 கி.மீ. அன்றைய விலையில் ஒரு கிலோமீட்டருக்கு பெட்ரோல் 3.93 ரூபாய், டீசல் 1.79 ரூபாய். மிச்சம் 2.15 ரூபாய். டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் சுமார் 46,500 கி.மீ. ஓட்டினால் கைக்கு வந்துவிடும். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு நான்கு ஆண்டுக்குள். அதற்குப்பின் ஓடுவதெல்லாம் லாபம். அந்த ஆண்டுகளில் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசலாக இருந்ததில் வியப்பில்லை. டாக்ஸிக்காரர் மட்டுமல்ல, வாரத்துக்கு இருமுறை கோயிலுக்கும் சந்தைக்கும் போகிற குடும்பமும் டீசலே வாங்கியது.

2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையை மாதம் 50 காசு அளவில் ஏற்றிக்கொண்டே வந்து, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டை முழுதாக நீக்கினார்கள். 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பின் டெல்லியில் பெட்ரோல் 94.72, டீசல் 87.62. அதே மைலேஜை வைத்துப் போட்டால் கிலோமீட்டருக்கு 5.09, 3.83, மிச்சம் 1.27 ரூபாய்தான். பிஎஸ்-6 உதிரிகளால் விலை வித்தியாசம் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்ப சுமார் 1,18,000 கி.மீ. ஓட வேண்டும். ஆண்டுக்கு 12,000 கி.மீ. என்றால் பத்து ஆண்டு. டெல்லியில் டீசல் காருக்கு விதிக்கப்பட்ட ஆயுளும் பத்து ஆண்டுதான். அந்த விதியைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

‘டீசல் பசுமை’ என்ற வாதம்

குறைவாக எண்ணெய் குடிக்கிறது, ஆகவே கார்பன் டை ஆக்சைடு குறைவு என்பார்கள். பாதி உண்மை. டீசல் பெட்ரோலைவிட அடர்த்தியானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.31 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், டீசலில் 2.64 கிலோ. மேலே சொன்ன இரு ஸ்விஃப்ட்களுக்கும் கணக்கிட்டால் பெட்ரோல் கிலோமீட்டருக்கு 124 கிராம், டீசல் 115 கிராம். மைலேஜ் பலகையில் 23 சதவீதம் முன்னால் நிற்கும் வண்டி, கரிம வாயுவில் வெறும் 7 சதவீதம் முன்னால். கரும்புகையும் வெப்பத்தை ஈர்ப்பதால், வடிகட்டி இல்லாத டீசல் காரில் அந்த ஏழும் தேய்கிறது.

புகையின் வேதியியல்

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 17, 18 மடங்கு நெருக்கிக் கொதிக்க வைத்து, அதில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றும். இந்த நெருக்கம்தான் சிக்கனத்தின் வேர். சிலிண்டரில் எப்போதும் தேவைக்கு மேல் காற்று இருக்கும். காற்றைத் திருகி அடைக்கும் திராட்டில் இழப்பும் இல்லை.

இதே வேரிலிருந்துதான் நஞ்சும் முளைக்கிறது. சுடர் மிகச் சூடாகும் இடங்களில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன. டீசல் துளியின் நடுவிலோ காற்று போய்ச் சேராமல் கரி உருவாகிறது. பெட்ரோல் காரில் எரிபொருளும் காற்றும் அளவு பிசகாமல் கலப்பதால், சைலன்சருக்கு முன்னால் இருக்கும் மூவழி கேட்டலிஸ்ட் (வினையூக்கி) ஒரே பெட்டியில் கார்பன் மோனாக்சைடு, எரியாத எண்ணெய் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு என்ற மூன்று மாசுகளையும் தீர்த்துவிடும். டீசல் புகையில் ஆக்சிஜன் மிஞ்சி நிற்பதால் அந்தப் பெட்டியால் நைட்ரஜன் ஆக்சைடைத் தொட முடியாது. டீசல் காரின் எல்லாத் தலைவலிக்கும் இதுதான் தலைவாசல்.

பிஎஸ்-4 காலத்து இந்திய மல்டிஜெட்டில் இருந்தது இரண்டே கருவி. ஒன்று, கார்பன் மோனாக்சைடையும் எரியாத எண்ணெய் ஆவியையும் எரிக்கும் ஆக்சிஜனேற்ற கேட்டலிஸ்ட். இன்னொன்று, புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு. திரும்பி வரும் புகை சுடரைக் குளிர்விக்கும். நைட்ரஜன் ஆக்சைடு குறையும். ஆனால் ஆக்சிஜன் குறைவதால் கரி கூடும். ஒன்றை அழுத்தினால் மற்றது எழும். எஞ்சின் வடிவமைப்பாளர் இந்த இரண்டுக்கும் நடுவே கயிற்றில் நடப்பார்.

விதியும் டீசலுக்கு இடம் கொடுத்தது. பிஎஸ்-4 பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 0.08 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுக்கு மேல் விடக்கூடாது. டீசல் கார் 0.25 கிராம் வரை விடலாம். மூன்று மடங்கு. துகள் எல்லை 0.025 கிராம். வெளியேறும் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். வெயிலில் ஓசோனுக்கு மூலப்பொருளாகும். காற்றில் மாறி நைட்ரேட் நுண்துகளாகவும் திரும்பி வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஸ்விஃப்ட் டீசலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

கரியை வடிகட்டும் பெட்டியை அப்போதே வைத்திருக்கலாமே? எண்ணெய் இடம் தரவில்லை. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களுக்கு மட்டும் பிஎஸ்-4 டீசல் வந்தது. அதில் கந்தகம் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு. மற்ற ஊர்களில் பிஎஸ்-3 டீசல், கந்தகம் 350 பிபிஎம். 2011-இல் சென்னையில் வாங்கிய காருக்குத் திண்டிவனத்தில் டேங்க் நிரப்பினால் ஏழு மடங்கு கந்தகம். அந்த எண்ணெயில் கேட்டலிஸ்ட் நச்சேறும், வடிகட்டி சீக்கிரம் அடைபடும். நாடு முழுக்க பிஎஸ்-4 வர 2017 ஏப்ரல் ஆயிற்று.

சோதனைக் கூடமும் சாலையும்

மேலே சொன்ன 0.25 கிராம் எதில் அளந்தது? உருளைகள்மேல் காரை நிறுத்தி, 1,180 வினாடிகள், வரைந்துவைத்த வேகக் கோட்டின்படி ஓட்டும் சோதனையில். அதிகபட்ச வேகம் 90 கி.மீ. முடுக்கம் மாட்டுவண்டி மாதிரி. ஏசி ஓடாது. ஏற்றம் கிடையாது. நிஜச் சாலையில் முழுச் சுமையோடு முந்தும்போது இ.ஜி.ஆர். வால்வு மூடிக்கொள்ளும், ஏனென்றால் அப்போது எஞ்சினுக்குக் காற்று வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். இது ஏமாற்று வேலை அல்ல. சோதனை கேட்காத கேள்விக்கு எஞ்சின் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏமாற்றியவர் வேறு. 2014-இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகை அளவியை டிக்கியிலேயே ஏற்றிக்கொண்டு அமெரிக்கச் சாலைகளில் ஓடினார்கள். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, அனுமதித்த அளவைப் போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விட்டது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நோட்டீஸ் அனுப்பியது. சோதனை நடப்பதை மோப்பம் பிடித்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள். உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில். இந்தியாவில் அந்த ஆண்டு டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி சேர்த்து 3,23,700 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சாலையில் அவை பிஎஸ்-4 எல்லையைப் போல் 1.1 முதல் 2.6 மடங்கு விட்டதாக, இந்தியாவில் வாகனங்களைச் சோதிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் சோதனையில் தெரிந்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது.

மல்டிஜெட் ஸ்விஃப்ட்டுக்கும் அந்த மோசடிக்கும் தொடர்பில்லை. ஆனால் ‘சுத்தமான டீசல்’ என்ற சொல்லை அதற்குப்பின் யாராலும் நேராக உச்சரிக்க முடியவில்லை. நம் விதியிலும் மாற்றம் வந்தது: 2023 ஏப்ரலிலிருந்து சாலையில் ஓட்டி அளப்பதும் கட்டாயம்.

பணிமனையில் நடப்பது

நம் கையில் இருக்கும் புகைச் சான்றிதழ் இதில் எதையும் பார்ப்பதில்லை. டீசலுக்கு நடப்பது, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, சைலன்சரில் வரும் புகையின் கருமையை ஒளியால் அளக்கும் சோதனை. பிஎஸ்-4 வண்டிக்கு எல்லை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு, அதற்கு முந்தையவற்றுக்கு 65. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை இந்த மீட்டர் அறியாது.

இதன் விளைவு விசித்திரமானது. 50, 60 ஆயிரம் கி.மீ. ஓடியதும் இ.ஜி.ஆர். வால்வில் கரியும் ஆயில் பிசுபிசுப்பும் சேர்ந்து தார் போல ஒட்டும். பாதி திறந்தபடி மாட்டிக்கொண்டால் பிக்-அப் குறையும், மிதித்தால் கரும்புகை, ஐடிலில் உதறல், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு. முறையான வழி: வால்வைக் கழற்றி, கார்பன் கிளீனரில் ஊறவைத்துத் தேய்த்து, இன்டேக் குழாயையும் சுரண்டி, புது கேஸ்கெட் போட்டுப் பூட்டுவது, அரை நாள் வேலை. குறுக்கு வழி: குழாய்க்கு நடுவே ஒரு தகட்டைச் செருகி அடைப்பது, அரை மணி நேரம். அடைத்ததும் வண்டி உற்சாகமாக இழுக்கும், கரி குறையும், புகைச் சோதனையில் எண் கூடாது, இறங்கவும் செய்யலாம். சான்றிதழ் சுத்தம். நைட்ரஜன் ஆக்சைடோ தடையில்லாமல் ஏறும். மாசைக் கூட்டும் வேலைக்குச் சோதனையே நற்சான்று கொடுக்கிறது.

மற்றபடி இந்த எஞ்சின் கேட்பது ஆயிலை. உள்ளே போவது சுமார் மூன்று லிட்டர்தான். டீசல் கரி அதைச் சீக்கிரம் கறுப்பாக்கும். 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதில் மாற்ற வேண்டும். ‘செயின்தானே, ஆயுளுக்கும் வரும்’ என்று ஆயிலைத் தள்ளிப்போட்டவர்களுக்கு, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்து செயின் நீண்டுபோகும். காலை ஸ்டார்ட்டில் முதல் இரண்டு மூன்று விநாடி ‘சலசல’ என்றால் அதுதான். செயின் பல் தாண்டினால் வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம்கள் ஒடியும். டீசல் ஃபில்டரில் தண்ணீர் விளக்கு எரிந்தும் ஓட்டினால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் துருவேறும். டீசல் சேமித்த காசு அந்த ஒரு பில்லில் போய்விடும்.

பிஎஸ்-6 கேட்ட விலை

2016 ஜனவரியில் அரசு, பிஎஸ்-5-ஐத் தாண்டி நேராக பிஎஸ்-6-க்குப் போவதென்று முடிவெடுத்தது. டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு எல்லை 0.25-இலிருந்து 0.08 கிராம், துகள் 0.025-இலிருந்து 0.0045 கிராம், துகள்களின் எண்ணிக்கைக்கும் தனி எல்லை. கந்தகம் 10 பிபிஎம். பெட்ரோல் காரில் இதற்குச் சிறு திருத்தங்கள் போதும். டீசலில் துகள் வடிகட்டி, யூரியாக் கரைசல் என்று புது உதிரிகள் சேர்ந்து சைலன்சர் குழாயே ஒரு சிறு தொழிற்சாலையாக வேண்டும்.

ஐரோப்பாவில் இதே மல்டிஜெட் யூரோ-6 வரை உயர்த்தப்பட்டது. ஆகவே முடியாத காரியமல்ல. சிறிய காரின் விலைக்குள் அடங்காத காரியம். ஆறேழு லட்ச ரூபாய்ப் பெட்ரோல் ஹேட்ச்பேக் பக்கத்தில் ஒன்றரை லட்சம் கூட வைத்து, அதுவும் பங்கில் ஏழு ரூபாய் வித்தியாசத்தில், யார் வாங்குவார்? இருபது லட்ச ரூபாய் எஸ்யூவியில் அந்தத் தொகை மறைந்துவிடும். டீசல் இன்று பெரும்பாலும் பெரிய வண்டிகளில் தங்கியிருப்பதற்கு இந்தக் கூட்டல் கழித்தல்தான் காரணம்.

அந்த உதிரிகளில் உரிமையாளரை அதிகம் படுத்துவது துகள் வடிகட்டி, டி.பி.எஃப். தேன்கூடு போன்ற பீங்கான். ஓர் ஓட்டையின் முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும், அடுத்தது நேர்மாறு. புகை சுவரைக் கசிந்து கடக்க, கரி தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவில் எரித்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் புகை தானே சூடாக இருப்பதால் பாதி வேலை தானாக நடக்கும். நகரத்தில், தினம் நான்கு கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டியில், சூடு ஏறவே ஏறாது. அப்போது கம்ப்யூட்டர், எரிப்பு முடிந்த பிறகும் சிலிண்டரில் கொஞ்சம் டீசலைத் தெளித்து அதை வடிகட்டிக்கு முன்னால் எரியவிடும்.

அது நடக்கும்போது அடையாளம் தெரியும்: ஐடில் வேகம் கொஞ்சம் ஏறும், ரேடியேட்டர் விசிறி காரணமில்லாமல் சுழலும், சூடான வாடை, மைலேஜ் எண் சரியும். பத்து முதல் இருபது நிமிட வேலை. நடுவில் வண்டியை அணைத்தால் அரைகுறையாக நிற்கும். நான்கைந்து தடவை அப்படி ஆனால் டி.பி.எஃப். விளக்கு எரியும். எரிந்தவுடன் செய்ய வேண்டியது: திறந்த சாலைக்குப் போய், கியரை ஒன்று குறைத்து, 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுவது. விளக்கை அலட்சியப்படுத்தினால் எஞ்சின் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பிறகு சர்வீஸ் சென்டரில் கருவி மாட்டித்தான் எரிக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. பிந்தித் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ‘ஏறினால்’ மகிழக்கூடாது; நீர்த்துப்போன ஆயில் டர்போவின் பேரிங்கைத் தின்றுவிடும், மட்டம் மிஞ்சினால் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்து வேகம் அடங்காமல் ஓடும். குறி தாண்டியதும் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்ற வேண்டும். மாற்றுவதும் கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த ரகம்தான். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கி அதன் ஆயுளைத் தின்னும்.

யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டிகளில் அந்தத் தொட்டி தனி. 32.5 சதவீத யூரியா, மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். சூடான புகையில் அது அம்மோனியாவாகி நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாக்கும். உரக்கடை யூரியாவை வீட்டில் கரைத்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதிலுள்ள அசுத்தம் இன்ஜெக்டர் முனையை அடைத்து, கேட்டலிஸ்ட்டையும் கொல்லும். தொட்டி காலியானால் எச்சரிக்கைக் கணக்கு முடிந்த பின் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பத்தாண்டு விதியும் பழைய ஸ்விஃப்ட்டும்

2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இடையில் 2015 டிசம்பரில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களின் பதிவு தலைநகர்ப் பகுதியில் நிறுத்தப்பட்டது. மஹிந்திரா சில வாரங்களில் 1.99 லிட்டர் எஞ்சினோடு வந்து நின்றது. அடுத்த ஆகஸ்டில் ஒரு சதவீதச் சுற்றுச்சூழல் கட்டணத்தோடு அந்தத் தடை விலகியது. சிசியை வைத்தும் வயதை வைத்தும் பிடிப்பது சுலபம். எவ்வளவு புகை என்பதை வைத்துப் பிடிப்பதுதான் கடினம். நன்றாகப் பராமரித்த பதினோரு வயது வண்டி வெளியேற்றப்பட, தகடு செருகிய ஐந்து வயது வண்டி சான்றிதழோடு ஓடியது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்மேல் கட்டாய நடவடிக்கை கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது.

அந்தப் பத்தாண்டு விதியால் மலிவான டெல்லி டீசல் கார்கள் தடையில்லாச் சான்றோடு மற்ற மாநிலங்களுக்குப் பயணப்பட்டன. தமிழ்நாட்டில் பத்தாண்டு விதி இல்லை. 15 ஆண்டில் ஆர்.சி. புதுப்பிக்கலாம். பழைய டிடிஐஎஸ் வாங்கப் போகிறவர், பெயின்ட்டையும் ஸ்பீடோமீட்டரையும் பார்ப்பதற்கு முன் இவற்றைச் செய்யட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைத் தன் எதிரிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லி செயின் சத்தம் கேட்பது. சூடானபின் மூன்றாம் கியரில் 1,500-இலிருந்து முழுதாக மிதித்துக் கண்ணாடியில் பின்புகையைப் பார்ப்பது. ஒரு நொடி லேசான கருமை இயல்பு, தொடர்ந்து கறுத்தால் இன்ஜெக்டர் அல்லது டர்போ குழாய்க் கசிவு, நீலம் என்றால் டர்போவின் ஆயில் சீல். பிறகு பானட்டைத் திறந்து டார்ச் அடித்து இ.ஜி.ஆர். குழாயின் இணைப்பைப் பார்ப்பது. இரண்டு விளிம்புகளுக்கு நடுவே கேஸ்கெட்டைவிடத் தடிமனாக, பளபளவென்று ஒரு தகட்டு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால், விலை பேசும்போது வால்வைச் சுத்தம் செய்து தகட்டை எடுக்கும் கூலியையும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.